கேளுங்க, பேசலாம்: ரெண்டு ஜெர்ரிகள்ல தோத்துப் போனவர்

கேள்வி (மதுரை வாசகர்): போன இதழ்ல வட அயர்லாந்து அரசியல் பத்தின ஒரு பதில்ல "1983 தேர்தல்ல ஜெர்ரி ஆடம்ஸ் ஜெயிச்சார், ஜெர்ரி ஃபிட் தோத்தார்"னு ஒரே வரியில சொல்லிட்டு போயிட்டீங்க. ஆடம்ஸ் பேர் நியூஸ்ல கேட்டிருக்கோம். இந்த ஃபிட் யாரு சார்?

பதில்: இதையே நிறைய பேர் கேட்டிருக்கீங்க, அதனால சினிமா கிரிக்கெட் கேள்வி எல்லாம் அடுத்த இதழுக்கு, இந்த தடவை முழுக்க இவர்தான்.

வட அயர்லாந்துல கத்தோலிக்கர்கள் சிறுபான்மை. 1921ல அயர்லாந்தைப் பிரிச்சப்ப புராட்டஸ்டன்ட்டுகள் மூணுல ரெண்டு பங்கு இருக்கிற மாதிரி ஆறு மாவட்டங்களை மட்டும் வெட்டி எடுத்து பிரிட்டனோட வெச்சுக்கிட்டாங்க, அதுக்குள்ள மாட்டிக்கிட்ட மீதி மூணுல ஒரு பங்கு ஜனங்கள்ல ஒருத்தர்தான் ஜெர்ரி ஃபிட். 1926ல பெல்ஃபாஸ்ட்ல பிறந்தவர், தத்தெடுத்த குடும்பம், துறைமுகத்தை ஒட்டின ஏழைத் தெருக்கள். 14 வயசுல ஸ்கூலை விட்டுட்டு சலூன்ல கஸ்டமர் தாடைக்கு சோப்பு நுரை போடுற பையன். 1941ல வணிகக் கப்பல்ல சேர்ந்தார், உலகப் போர் நடந்துக்கிட்டு இருந்தப்ப ரஷ்யாவுக்கு சரக்கு கொண்டுபோன ஆர்க்டிக் கப்பல் கூட்டத்துல எல்லாம் போயிருக்கார், 1953 வரைக்கும் கடல்தான் வாழ்க்கை.

சுருக்கமா சொன்னா பிரிட்டன் கொடி பறக்கிற கப்பல்ல உயிரைப் பணயம் வெச்ச ஒரு அயர்லாந்து கத்தோலிக்கர். அந்த ஊர்ல இந்த ஒரு விஷயமே போதும், ரெண்டு பக்கத்து ஆளுங்களும் "இவன் யாருய்யா"ன்னு முறைச்சு பார்க்க.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): பிரிட்டன்னா பார்லிமென்ட் ஜனநாயகத்துக்கே தாய்வீடுன்னு சொல்றாங்க. அங்க கத்தோலிக்கர்களுக்கும் ஓட்டு இருந்துச்சுல்ல, அப்புறம் என்ன அநியாயம் நடந்துடப் போகுது?

பதில்: ஓட்டு இருந்துச்சு, அதை எப்படி எண்ணினாங்கன்றதுலதான் வேலையே.

லண்டன்டெரின்னு ஒரு ஊர், கத்தோலிக்கர்கள் டெரின்னுதான் சொல்லுவாங்க. அங்க கத்தோலிக்கர்கள்தான் மெஜாரிட்டி, ஆனா மாநகராட்சியில யூனியனிஸ்ட் கட்சிக்கு, அதாவது பிரிட்டனோடவே இருக்கணும்னு சொல்ற புராட்டஸ்டன்ட் கட்சிக்கு 12 சீட்டு, எதிர்த்தரப்புக்கு 8. எப்படின்னா ஊரை மூணு வார்டா பிரிச்சு, கத்தோலிக்கர்கள்ல பெரும்பகுதியை ஒரே வார்டுல திணிச்சுட்டாங்க, அங்க ஆயிரக்கணக்குல ஓட்டு அதிகமா வாங்கினாலும் அதே 8 சீட்டுதான், மத்த ரெண்டு வார்டும் கொஞ்ச வித்தியாசத்துல யூனியனிஸ்ட்டுகளுக்கு.

இது போதாதுன்னு உள்ளாட்சித் தேர்தல்ல வீட்டு வரி கட்டுறவங்களுக்கும் அவங்க கணவன் மனைவிக்கும்தான் ஓட்டு. அப்பா வீட்டுல இருக்கிற இருபத்தஞ்சு வயசு பையனுக்கு ஓட்டு கிடையாது, உள்வாடகைக்கு ஒரு ரூம்ல குடும்பம் நடத்துறவனுக்கும் கிடையாது, ஆனா கம்பெனி வெச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணுக்கு மேல ஓட்டு! இப்ப யோசிச்சுப் பாருங்க, அரசு வீடு யாருக்கு ஒதுக்கணும்னு முடிவு பண்றது யாரு? அதே மாநகராட்சி. ஒரு கத்தோலிக்க குடும்பத்துக்கு வீடு கொடுத்தா ரெண்டு ஓட்டு கூடிடும், தப்பான வார்டுல கூடிட்டா சீட்டு போயிடும், அதனால வீடே கொடுக்காதே. பல வருஷம் இப்படித்தான் ஓடுச்சு. ஸ்டார்மான்ட்ல இருந்த மாகாண பார்லிமென்ட்ல 1921லேர்ந்து 1972 வரைக்கும் ஒரே கட்சி ஆட்சி, எதிர்க்கட்சி ஒரு நாள்கூட ஆட்சிக்கு வர சான்ஸே கிடையாது. கத்தோலிக்க எம்.பி. போய் உட்காரலாம், பேசலாம், தோத்துட்டு வீட்டுக்குப் போகலாம்.

சரி, லண்டன் பார்லிமென்ட்ல போய் முறையிடலாமேன்னு கேப்பீங்க. அங்க சபாநாயகர் 1920கள்லேயே ஒரு வழக்கத்தை ஏற்படுத்தி வெச்சிருந்தார், மாகாணத்துக்குக் கொடுத்த விஷயங்களை இங்க பேசக்கூடாதுன்னு. பூட்டின வீட்டுக்குள்ள அடி வாங்குறவன் கத்தினா பக்கத்து வீட்டுக்காரன் "அது உங்க குடும்ப விஷயம்"னு ஜன்னலை சாத்திக்கிற மாதிரி. 1966ல மேற்கு பெல்ஃபாஸ்ட்லேர்ந்து ஃபிட் ஜெயிச்சு லண்டன் போனார். போன உடனே முதல் பேச்சிலேயே இந்த ஓட்டு விவகாரத்தைப் போட்டு உடைச்சார். புது எம்.பி. முதல் பேச்சுல சர்ச்சை இல்லாம நாலு வார்த்தை நல்லதா பேசிட்டு உட்காரணும்ன்றது அங்க மரியாதை, இவர் அதையெல்லாம் கண்டுக்கவே இல்ல. அப்புறம் லேபர் கட்சி எம்.பி.க்களை ஒவ்வொருத்தரா புடிச்சு, ஜோக் அடிச்சு, கூடவே "எங்க ஊருக்கு ஒரு தடவை வந்து பாருங்க"ன்னு நச்சரிச்சுக்கிட்டே இருந்தார்.

1968 அக்டோபர் 5, டெரியில சிவில் உரிமை ஊர்வலம். மாகாண உள்துறை அமைச்சர் வில்லியம் கிரெய்க் தடை போட்டிருந்தார், மீறி நடத்தினாங்க. ஃபிட் லண்டன்லேர்ந்து மூணு லேபர் எம்.பி.க்களை சாட்சிக்குக் கூட்டிக்கிட்டு வந்தார். போலீஸ் தடியடியில முதல்ல மண்டை உடைஞ்சவங்கள்ல அவரும் ஒருத்தர், சட்டையெல்லாம் ரத்தம், அயர்லாந்து டிவி கேமரா ஒண்ணு அங்க ஓடிக்கிட்டு இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரியோட "அது அவங்க உள்ளூர் விஷயம்"ன்ற பேச்சு முடிஞ்சுது. நாப்பது வருஷம் மனு கொடுத்து நடக்காதது ஒரு எம்.பி.யோட மண்டை உடைஞ்சு நடந்துச்சு. இதுல அவருக்குக் கொஞ்சம் நாடக புத்தி இருந்துச்சுன்னு சொல்றவங்களும் உண்டு. இருந்தா என்ன, தடி நிஜம்தானே.

கேள்வி (கோவை வாசகி): அவர் தன் ஜனங்க ஓட்டுல மட்டும்தான் ஜெயிச்சாரா? எதிர்த்தரப்பு ஏழைங்க அவருக்கு ஓட்டு போட்டாங்களா?

பதில்: போட்டாங்க. அவர் முதல்ல ஜெயிச்ச டாக் தொகுதி, பேருக்கேத்த மாதிரி துறைமுகப் பகுதி, ரெண்டு மதத்துக்காரங்களும் கலந்து இருந்த இடம். 1958ல கவுன்சிலர், 1962ல ஸ்டார்மான்ட் எம்.பி. கத்தோலிக்க ஓட்டை மட்டும் நம்பினா அங்க ஜெயிக்க முடியாது, அதனால அவர் பேசினது எல்லாம் வாடகை, பென்ஷன், வேலையில்லாதவங்களுக்கு வர்ற காசு, ஒழுகுற கூரை. தன்னை எப்பவும் முதல்ல சோஷலிஸ்ட்னுதான் சொல்லிக்குவார், அயர்லாந்து ஒண்ணு சேரணும்ன்றது அதுக்கு அப்புறம்தான்.

கேள்வி (சிங்கப்பூர் வாசகர்): பதவி ஏதாவது கிடைச்சுதா, இல்ல கடைசி வரைக்கும் எதிர்க்கட்சி பெஞ்சுதானா?

பதில்: கிடைச்சுது, அஞ்சு மாசம்.

1970 ஆகஸ்ட்ல எஸ்.டி.எல்.பி.ன்னு (சோஷியல் டெமாக்ரடிக் அண்ட் லேபர் பார்ட்டி) ஒரு கட்சி ஆரம்பிச்சாங்க, ஜான் ஹ்யூம், பேடி டெவ்லின், ஆஸ்டின் கரி, இவங்களோட ஐவன் கூப்பர்னு ஒரு புராட்டஸ்டன்டும் சேர்ந்துதான். தலைவர் ஃபிட். அந்தப் பக்கம் அயர்லாந்தை ஒண்ணு சேர்க்க ஆயுதம் தூக்கின ஐ.ஆர்.ஏ.வோட துப்பாக்கி, இந்தப் பக்கம் லாயலிஸ்ட், அதாவது பிரிட்டனோடவே இருக்கணும்னு ஆயுதம் தூக்கின புராட்டஸ்டன்ட் கும்பல்களோட துப்பாக்கி, நடுவுல பிரிட்டிஷ் ராணுவம். 1972 ஜனவரியில டெரியில ராணுவம் ஊர்வலத்துல சுட்டுத் தள்ளுச்சு, மார்ச்ல லண்டன் ஸ்டார்மான்ட்டையே இழுத்து மூடிடுச்சு. 1973 ஜூன்ல புது சட்டசபைக்குத் தேர்தல், அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஃபிட்டோட நெருங்கின நண்பரும் தேர்தல் ஏஜென்ட்டுமான செனட்டர் பேடி வில்சனை லாயலிஸ்ட் கும்பல் கத்தியால குத்திக் கொன்னுச்சு. அந்தத் துக்கத்தோடதான் எஸ்.டி.எல்.பி. 19 சீட்டு ஜெயிச்சுது.

டிசம்பர்ல சன்னிங்டேல்ன்ற இடத்துல பேச்சுவார்த்தை நடத்தி, 1974 ஜனவரி 1லேர்ந்து கூட்டு மந்திரிசபை. யூனியனிஸ்ட் பிரையன் ஃபாக்னர் தலைவர், ஃபிட் துணைத் தலைவர். கத்தோலிக்கர்கள் ஓட்டுல ஜெயிச்ச கட்சி அந்த மண்ணுல ஆட்சியில உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை, அதுவும் சலூன் பையன் ஒருத்தர்.

ஆனா பிப்ரவரியிலேயே லண்டன் பார்லிமென்ட்டுக்கு திடீர்னு பொதுத்தேர்தல் வந்துடுச்சு, வட அயர்லாந்துல இருந்த 12 தொகுதியில 11 இந்த ஒப்பந்தத்தை எதிர்த்தவங்களுக்கே போச்சு, மிச்சம் இருந்த அந்த ஒண்ணு ஃபிட். மே மாசம் லாயலிஸ்ட் தொழிலாளர்கள் ஸ்டிரைக், கரன்ட் நிலையம் அவங்க கையில, ரோடு மறியல், ஊரே இருட்டு, லண்டன் அரசாங்கம் ராணுவத்தை வெச்சு அதை உடைக்கத் துணியல. 28ஆம் தேதி ஃபாக்னர் ராஜினாமா, மந்திரிசபை காலி.

இதுல என் கருத்து ஒண்ணு சொல்லணும். அந்த ஒப்பந்தத்துல அதிகாரப் பகிர்வோட, டப்ளினையும் (தெற்குல இருக்கிற அயர்லாந்து நாட்டோட தலைநகர்) பெல்ஃபாஸ்ட்டையும் சேர்த்து ஒரு அயர்லாந்து கவுன்சில்னு ஒரு ஏற்பாடும் இருந்துச்சு, புராட்டஸ்டன்ட் தெருக்கள்ல பயத்தைக் கிளப்பினது முக்கியமா அதுதான். ஃபிட்டுக்கு அதுல பெரிய ஆர்வமே கிடையாது, கிடைச்ச மந்திரிசபையை முதல்ல காப்பாத்துவோம்ன்ற ஆள். கட்சியில ஹ்யூம் தரப்பு அது இல்லாம முடியாதுன்னாங்க. தலைவரா இருந்தும் தன் கட்சியையே தன் வழிக்குக் கொண்டுவர முடியாதவர் அவர். ஆளைப் புடிக்கத் தெரியும், மேடையில கலக்குவார், கட்சி கட்டத் தெரியாது. கமிட்டி, தீர்மானம், கொள்கை அறிக்கைன்னா ஓடிடுவார்.

கேள்வி (சேலம் வாசகர்): ஒரு ஓட்டுல இங்கிலாந்து ஆட்சி கவிழ்ந்த கதையில இவருக்குப் பங்கு இருக்குன்னு கேள்விப்பட்டேன், நிஜமா?

பதில்: நிஜம். 1979 மார்ச் 28, பிரதமர் காலகனோட லேபர் அரசுமேல நம்பிக்கையில்லாத் தீர்மானம். ஃபிட் வாழ்நாள் முழுக்க லேபர் பக்கம், கன்சர்வேட்டிவ் கட்சி வந்தா தன் தொகுதி ஏழைங்களுக்கு இன்னும் மோசம்னு அவருக்கு நல்லாத் தெரியும். ஆனா லேபர் என்ன பண்ணுச்சுன்னா, பார்லிமென்ட்ல மெஜாரிட்டி இல்லாம தவிச்சப்ப யூனியனிஸ்ட் எம்.பி.க்களை குஷிப்படுத்த வட அயர்லாந்துக்கு கூடுதல் சீட்டு தர்றதா ஒத்துக்கிச்சு. வட அயர்லாந்து அமைச்சர் ராய் மேசன் சிறுபான்மை கட்சியை மதிக்கவே இல்லன்னு ஃபிட்டுக்குக் கோபம். அன்னிக்கு எழுந்து மனசு நொந்து பேசிட்டு ஓட்டே போடாம ஒதுங்கிட்டார். அதே மாதிரி ஒதுங்கின இன்னொருத்தர் ஃபெர்மானா பக்கத்து எம்.பி. ஃபிராங்க் மெக்வயர், பார்லிமென்ட்டுக்கு எப்பவாவது தலை காட்டுற மனுஷன், அன்னிக்கு வந்ததே ஓட்டு போடாம இருக்கத்தான். முடிவு 311க்கு 310. ஒரே ஒரு ஓட்டு. மே மாசம் தாட்சர் வந்துட்டாங்க.

மெஜாரிட்டி கட்சிக்கு சிறுபான்மை எம்.பி. எப்ப ஞாபகம் வருவார்னா எண்ணிக்கை குறையும்போதுதான், அப்பவும் இன்னொரு பக்கத்துல அதிக ஓட்டு கிடைச்சா அங்க போயிடுவாங்க. யூனியனிஸ்ட்டுகள்கிட்ட கிட்டத்தட்ட பத்து எம்.பி., இவர் தனி ஆள். கணக்கு அவ்வளவுதான். லேபர் நண்பர்கள் பல பேர் அவரை இதுக்கு மன்னிக்கல, அவரும் அவங்களை மன்னிக்கல.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடின்னு சொல்ற மாதிரிதான் இருக்கு. ஆனா கடைசியில அவரை முடிச்சது எந்தப் பக்கத்து இடி?

பதில்: சொந்தப் பக்கம்தான்.

ஐ.ஆர்.ஏ. குண்டு வெச்சா அதே அன்னிக்கு கண்டிப்பார், சுத்தி வளைக்காம கண்டிப்பார். அவர் குடியிருந்தது பெல்ஃபாஸ்ட் ஆன்ட்ரிம் ரோட்டுல, பங்களா ஏரியாவுல எல்லாம் இல்ல. 1976 ஆகஸ்ட்ல ஒரு ராத்திரி ஒரு கும்பல் கதவை உடைச்சு உள்ள வந்துடுச்சு, இவர் மாடியில நின்னு கைத்துப்பாக்கியை நீட்டித்தான் தடுத்தார். உள்ள வந்தவங்க அவரோட ஜனங்கதான், பக்கத்துத் தெருக்காரங்க.

1979 நவம்பர்ல சொந்தக் கட்சியை விட்டு விலகினார், பிரிட்டன் கூப்பிட்ட மாநாட்டுக்குப் போக மாட்டோம்னு கட்சி முரண்டு புடிச்சதுல வந்த தகராறு. அப்புறம் பெரிய அடி, சிறையில ஐ.ஆர்.ஏ. கைதிகள் உண்ணாவிரதம். தங்களை அரசியல் கைதியா நடத்தணும்ன்றதுதான் கோரிக்கை. ஃபிட் பார்லிமென்ட்ல எழுந்து அந்த அந்தஸ்தைக் கொடுக்காதீங்கன்னார். 1981ல பாபி சாண்ட்ஸ் சிறையில இருந்துக்கிட்டே எம்.பி. ஆகி, மே 5 செத்தார், ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா மொத்தம் 10 பேர். உண்ணாவிரதத்துல சாகுற பையன் பக்கத்து வீட்டுப் பையன்னா ஊர் எப்படி இருக்கும்? ஐ.ஆர்.ஏ.வைப் புடிக்காத கத்தோலிக்க அம்மாக்கள்கூட சவ ஊர்வலத்துல போனாங்க. அந்த சமயத்துல இவர் பேச்சு அவங்க காதுல எப்படி விழுந்திருக்கும். அதே மாசம் நடந்த மாநகராட்சித் தேர்தல்ல 1958லேர்ந்து வெச்சிருந்த கவுன்சிலர் சீட்டே போச்சு.

கொலையைக் கண்டிச்சது சரி, அதுல எனக்கு சந்தேகமே கிடையாது. ஆனா தாட்சரோட பிடிவாதத்தையும் அதே குரல்ல கேட்டிருக்கலாம். கேக்கல. துப்பாக்கிக்காரன் மேல இருந்த கோபத்துல தன் தெருவோட துக்கம் அவருக்குத் தெரியாம போச்சுன்னுதான் நான் நினைக்கிறேன்.

1983 ஜூன்ல மேற்கு பெல்ஃபாஸ்ட்ல மும்முனைப் போட்டி. ஐ.ஆர்.ஏ.வோட அரசியல் முகமான சின் ஃபெயின் கட்சி சார்புல ஜெர்ரி ஆடம்ஸ் 16,379, எஸ்.டி.எல்.பி.யோட ஜோ ஹெண்ட்ரன் 10,934, சுயேச்சையா நின்ன ஃபிட் 10,326. பின்ன ரெண்டையும் கூட்டிப் பாருங்க, ஆடம்ஸைவிட அதிகம். இதுல வேடிக்கை என்னன்னா ஃபிட்டுக்கு விழுந்ததுல ஷாங்கில் ரோட்டு புராட்டஸ்டன்ட் ஓட்டு நிறைய. 1968ல எந்தக் கூட்டத்து அரசாங்கத்தோட போலீஸ் மண்டையை உடைச்சுதோ அந்தக் கூட்டத்து ஏழைங்க அவருக்கு ஓட்டு போட்டாங்க, அவர் யாருக்காக மண்டையைக் கொடுத்தாரோ அவங்க பிள்ளைங்க போடல. அடுத்த மாசமே ஆளில்லாத நேரத்துல வீட்டுக்குத் தீ வெச்சுட்டாங்க. அதோட பெல்ஃபாஸ்ட் வாழ்க்கை முடிஞ்சுது. பிரிட்டன் அவரைப் பிரபுக்கள் சபைக்கு எடுத்துக்கிச்சு, சோஷலிஸ்ட் ஜெர்ரி லார்டு ஃபிட் ஆனார், எதிரிங்களுக்கு இதைவிட நல்ல கிண்டல் கிடைக்குமா? 2005ல இறக்குற வரைக்கும் லண்டன் பக்கமே இருந்துட்டார்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): நம்ம துணைக்கண்டத்துல இப்படி ஒருத்தரை சொல்ல முடியுமா?

பதில்: ஜோகேந்திர நாத் மண்டல். பாரிசால் மாவட்டத்து நாமசூத்ர சாதி, தலித் தலைவர். 1946ல அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபைக்குள்ள வங்காளத்துலேர்ந்து போறதுக்கு ஓடியாடி ஓட்டு சேர்த்தவர். மேல்சாதி இந்துக்களைவிட ஏழை முஸ்லிம் விவசாயியோட பிழைப்புதான் தன் ஜனங்களோட பிழைப்புக்குக் கிட்டன்னு நினைச்சு முஸ்லிம் லீக்கோட சேர்ந்தார். 1947 ஆகஸ்ட்ல கராச்சியில பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபை கூடினப்ப முதல்ல தற்காலிகத் தலைவரா உட்கார்ந்தது இவர்தான், அந்த நாட்டோட முதல் சட்ட அமைச்சரும் இவர்தான்.

1950 பிப்ரவரியில கிழக்கு வங்காளத்துல கலவரம், அவரோட சொந்த பாரிசால்லயும் கொலைகள். அக்டோபர்ல பிரதமர் லியாகத் அலி கானுக்கு நீளமா ஒரு ராஜினாமா கடிதம் எழுதிட்டு கல்கத்தாவுக்கு வந்துட்டார். அங்க யாரு வரவேற்பாங்க? பாகிஸ்தானுக்குத் துரோகி, இந்தியாவுக்கு ஏற்கனவே துரோகி, அகதியா வந்த சொந்த ஜனங்களே "உன்னை நம்பித்தானே அங்க இருந்தோம்"னு கேட்டாங்க. அகதிங்களுக்காகப் போராடினார், தேர்தல்ல நின்னார், தோத்தார். இறந்தது 1968 அக்டோபர் 5, அதாவது டெரியில ஃபிட் மண்டை உடைஞ்ச அதே நாள். சும்மா ஒரு தற்செயல்தான், தேதியைப் பார்த்ததும் சொல்லாம இருக்க முடியல.

ரெண்டு பேரும் ஒண்ணு இல்ல. மண்டல் மெஜாரிட்டி கட்சியோட வாக்குறுதியை நம்பிப் போனவர், நாடு உருவாகுற வரைக்கும் அவர் அவங்களுக்குத் தேவைப்பட்டார், உருவான பிறகு "பாருங்க எங்க மந்திரிசபையில இந்து"ன்னு காட்ட மட்டும் தேவைப்பட்டார். ஃபிட் யாரோட மந்திரிசபையிலயும் அலங்காரத்துக்கு உட்காரல.

கேள்வி (ஈரோடு வாசகி): அப்போ ஆடம்ஸ்தான் சரி, ஃபிட் தப்புன்னு வரலாறு தீர்ப்பு சொல்லிடுச்சா?

பதில்: அவசரப்படாதீங்க. ஃபிட் சண்டை போட்டு லண்டன் பார்லிமென்ட்ல பேசுற உரிமையை வாங்கினார், ஆடம்ஸ் அதே தொகுதியில ஜெயிச்சும் ஒரு நாள்கூட அங்க போய் உட்காரல, பிரிட்டிஷ் ராணிக்கோ ராஜாவுக்கோ விசுவாசப் பிரமாணம் எடுக்க மாட்டோம்ன்றது அவங்க கட்சிக் கொள்கை. இன்னொரு பக்கம், 1998ல வந்த சமாதான ஒப்பந்தம் பெரும்பாலும் 1974 கூட்டு மந்திரிசபையோட அதே அடிப்படை, நடுவுல இருபத்து நாலு வருஷம். அந்தக் கலவர காலம் மொத்தத்துல செத்தவங்க 3,500 பேருக்கு மேல. அதே சமயம் ஆடம்ஸ் தரப்பு உள்ள வராம 1998 ஒப்பந்தம் நின்னிருக்காது, ஹ்யூம் அதைப் புரிஞ்சுக்கிட்டு அவரோட ரகசியமா பேசினார், ஃபிட்டால அவங்களோட உட்கார முடியல. வீட்டுக்குள்ள வந்தவங்களோட எப்படி உட்காருவார்னும் கேக்கலாம்.

கேள்வி (சென்னை வாசகர்): இப்ப அங்க யாரு மெஜாரிட்டி, யாரு மைனாரிட்டி?

பதில்: 2021 சென்சஸ்படி கத்தோலிக்கப் பின்னணி உள்ளவங்க 45.7 சதவீதம், புராட்டஸ்டன்ட் மத்தும் பிற கிறிஸ்தவப் பின்னணி 43.5. ரெண்டு பேருமே பாதிக்குக் கீழ. 2024 பிப்ரவரியிலேர்ந்து முதலமைச்சர் சின் ஃபெயினோட மிஷெல் ஓ'நீல். மெஜாரிட்டி நிரந்தரமா இருக்கணும்னு கோடு போட்ட மாகாணத்துல நூறு வருஷத்துல கணக்கே மாறிப் போச்சு.

ஆனா சட்டசபையில இன்னிக்கும் ஒரு நடைமுறை இருக்கு. ஜெயிச்சு வர்ற ஒவ்வொரு உறுப்பினரும் ரிஜிஸ்டர்ல யூனியனிஸ்ட், நேஷனலிஸ்ட் (அயர்லாந்து ஒண்ணு சேரணும்ன்றவங்க), மத்தவங்கன்னு மூணுல ஒண்ணை எழுதிக் கையெழுத்துப் போடணும். முக்கியமான தீர்மானத்துக்கு முதல் ரெண்டு தரப்புலயும் போதுமான ஓட்டு இருக்கான்னு தனித்தனியா பார்ப்பாங்க, மூணாவது தரப்பு மொத்தக் கணக்குல மட்டும் சேரும். ஒரு தரப்பு இன்னொண்ணை நசுக்கக்கூடாதுன்னு வெச்ச பாதுகாப்பு, நல்ல எண்ணம்தான். டாக் தொகுதியில ரெண்டு பக்கத்துக் கூரை ஒழுகுறதையும் பேசி ஜெயிச்ச ஃபிட் இன்னிக்கு வந்தா நேஷனலிஸ்ட்னுதான் கையெழுத்துப் போட்டிருப்பார்னு நினைக்கிறேன், போடாட்டி அவர் ஓட்டு பாதி ஓட்டு.